கூட்டமும் கூடலும்

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மாணவ நண்பர்கள் இருவர் என் இல்லம் தேடி வந்தனர். மண்ணோடும் சீமெந்தோடும் காலத்தைக் கழித்த பொறியியலாளன் ஒருவன் தமிழ் மலருக்கு எதை எழுதுவது எனத் தயங்கினேன். விடைபெறும் வேளையில் அவர்களுள் ஒருவர், "சேர், எங்கள் சங்கக் கூட்டங்களுக்கு வருவோர் தொகை ஆண்டுதோறும் குறைகிறது. மண்டபம் நிரம்பாவிட்டால் அது தோல்விதானே?" என்று வினவினார். நான் உடனே விடை கூறவில்லை. முன்னொரு காலத்தில் அவ்வினாவுக்கு, "ஆம், தோல்விதான்" என ஐயமின்றி விடையளித்திருப்பேன். அவ்விடையை நான் மாற்றிக்கொண்ட வரலாறே இக்கட்டுரையாகும்.

தொழில்சார் சங்கமொன்றின் பிராந்தியக் கிளைக்கு ஐந்து ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். அங்கத்தவரிடம் சந்தா அறவிடுவதும், ஆண்டு மாநாட்டை ஒழுங்குசெய்வதும், அதன் அறிக்கையை எழுதுவதும் என் கடமைகள். அறிக்கையின் முதல் வரியில் வருகை தந்தோர் தொகையைக் குறிப்பிடுவது எங்கள் வழக்கம். 2011 ஆம் ஆண்டில் அத்தொகை நானூற்றைத் தாண்டியது. அதை எழுதியபோது என்னுள் எழுந்த பெருமிதத்தை இன்று நினைத்தால் நகைப்பு வருகிறது.

அம்மாநாட்டின் நிகழ்ச்சி நிரல் இன்னும் என்னிடம் உண்டு. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, நினைவுச் சின்னம் வழங்கல் ஆகியவற்றில் முற்பகல் முழுவதும் கழிந்தது. பிற்பகலில் ஒன்பது ஆய்வுரைகள். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு நிமிடம். வினாவுக்கு மூன்று நிமிடம். அம்மூன்று நிமிடமும் பெரும்பாலும் பாராட்டிலேயே கரைந்தன. குழுப் புகைப்படம் எடுப்பதற்கு மட்டும் அரைமணி நேரம் குறைவின்றிக் கிடைத்தது.

அவ்வொன்பது உரைகளுள் ஒன்று என்னுடையது. போர் முடிந்த மறு ஆண்டில், வன்னியில் பன்னிரண்டு சிறு குளங்களைத் திருத்திய பணியைப் பற்றியது அது. குளக்கட்டை உயர்த்தியது, பழுதடைந்த துருசுகளை அகற்றிப் புதிய கொங்கிறீற்றுத் துருசுகளை அமைத்தது, வானைச் சீர்செய்தது என யாவற்றையும் படங்களுடன் விளக்கினேன். சபையோர் கைதட்டினர். ஆனால் பன்னிரண்டு குளங்களைப் பற்றிப் பேசிய நான் காட்டியவை பதினொரு குளங்களின் படங்களே.

பன்னிரண்டாவது குளம் உடைந்துவிட்டது. 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிழக்கையும் வடமத்தியையும் வன்னியையும் வாட்டிய பெருமழையின்போது, புதிய துருசின் ஓரமாக அதன் கட்டு அறுத்துக்கொண்டு போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. அறுவடைக்குக் காத்திருந்த நாற்பது ஏக்கர் காலபோக நெல் சேற்றில் புதைந்தது. பல ஆண்டுகள் இடம்பெயர்ந்து வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பிய மக்கள் விதைத்த முதற் போகம் அது. மழை விட்ட மறுநாள் நான் சென்றபோது முதிய கமக்காரர் ஒருவர் உடைப்பின் அருகே நின்றார். அவர் என்னை ஏசவில்லை. "ஐயா, உங்கட சீமெந்து அப்பிடியே நிக்குது. எங்கட மண்தான் போயிட்டுது" என்று மட்டும் கூறினார். சுற்றிவர நீர் ஓட, நடுவே அந்தத் துருசு ஒரு கீறலுமின்றி நின்றது.

வள்ளுவர் அவையறிதல் என ஓர் அதிகாரமும், அடுத்து அவையஞ்சாமை என ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். அவைக்கு அஞ்சாது பேசும் பயிற்சி அன்று எனக்கு வேண்டிய மட்டும் இருந்தது. அவை அறிய வேண்டியதைச் சொல்லும் துணிவுதான் இருக்கவில்லை. மேலதிகாரிகள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, புகைப்படக்காரர் ஒருபுறம் நிற்க, "என் குளம் உடைந்தது" என்று சொல்ல எவருக்கு நா எழும்? நானூறு பேர் கூடிய அம்மண்டபத்தில் எனக்குத் தேவைப்பட்டது புகழ். அதைப் பெற்றுக்கொண்டு இறங்கினேன்.

தேநீர் வேளையில் எங்கள் கிளையின் மூத்த அங்கத்தவர், ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர், என்னை ஒருபுறம் அழைத்தார். "தம்பி, பன்னிரண்டு குளம் என்றீர், பதினொரு படம் காட்டினீர். மற்றது எங்கே?" என்றார். படம் தெளிவாக இல்லை என ஏதோ கூறி மழுப்பினேன். அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் அடுத்த மாநாட்டுக்கான திட்டத்தைச் செயற்குழு ஆராய்ந்தபோது அவர் எழுந்து ஒரு யோசனை கூறினார்: "மாநாடு நடக்கட்டும். அதோடு இன்னொன்றும் செய்வோம். பதினாலு பேர் போதும். பொருள் ஒன்று. பிரதம விருந்தினர் வேண்டாம், படம் பிடிக்க வேண்டாம். வருகிற ஒவ்வொருவரும் தாம் பிழைவிட்ட ஒரு வேலையைக் கொண்டுவரவேணும். பிழைவிடாதவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்." அனைவரும் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை.

* * *

2013 ஆம் ஆண்டில், ஒரு குளக்கரையிலிருந்த அரசாங்க விடுதியின் விறாந்தையில் அச்சிறு கூடல் நிகழ்ந்தது. 'குளக்கட்டும் துருசும் சேருமிடம்' என்பதே பொருள். அழைக்கவேண்டியோரைத் தெரிவதற்கு அம்மூத்தவரும் நானும் இரண்டு வாரம் செலவிட்டோம். எம்மிருவரையும் சேர்த்துப் பொறியியலாளர் எண்மர். தொழில்நுட்ப உத்தியோகத்தர் நால்வர். மண்ணியல் கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவர். கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர் ஒருவர். பொறியியலாளருள் மூவர் அயல் மாவட்டத்துச் சிங்கள நண்பர்கள். பதினான்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். மேசையும் ஒலிவாங்கியும் இல்லை. மாநாட்டின் மொழி ஆங்கிலம். இங்கோ அவரவர்க்கு வாய்த்த தமிழிலும் சிங்களத்திலும் பேசினோம். இடையில் ஆங்கிலமும் கைச்சாடையும் துணைக்கு வந்தன. மாநாடுகளில் ஒரு சொல்லும் பேசியறியாத தொழில்நுட்ப உத்தியோகத்தர் அன்று வாய்திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என நினைக்கிறேன்.

முதலில் எவரும் பேசவில்லை. மூத்தவரே தொடங்கினார். 1986 ஏப்பிரல் 20 ஆம் நாள் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட செய்தி வந்த அன்று, தாம் பொறுப்பாயிருந்த குளங்களின் கசிவுகளை எண்ணி இரவு முழுவதும் உறங்காதிருந்ததைக் கூறினார். பின், தாம் இளமையில் கட்டிய துருசொன்றில் நேர்ந்த தவறை ஒளிவின்றி விவரித்தார். அவர் முடித்ததும் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்தார். நான் என் பன்னிரண்டாவது குளத்தின் படத்தை எடுத்துச் சுற்றிக் கொடுத்தேன். கமக்காரர் கூறிய வாசகத்தையும் சொன்னேன்.

முப்பது ஆண்டுச் சேவையுடைய தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் படத்தை நெடுநேரம் உற்றுநோக்கிவிட்டு, "ஐயா, அந்தக் கிழவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்" என்றார். குளக்கட்டு முழுவதையும் உருளை இயந்திரம் இறுக்குகிறது. ஆனால் துருசின் சுவருக்கு அருகே அவ்வியந்திரம் செல்லமாட்டாது. அங்கே ஆறு அங்குலத்துக்கு மேற்படாத படைபடையாக மண்ணிட்டு, அளவான ஈரத்துடன், கைத்திமிசினால் இடித்திறுக்க வேண்டும். மழைக்கு முன் முடிக்கும் அவசரத்தில் மண் உலர்ந்தபடியே தடித்த படையாகக் கொட்டப்படுகிறது. மேலே பார்த்தால் ஒரு வேறுபாடும் தெரியாது. தாம் விரல் பருமனான கம்பியொன்றைச் சுவரோரமாகக் குத்திப் பார்ப்பதுண்டு என்றும், அது வழுக்கிக்கொண்டு இறங்கினால் மண்ணைத் தோண்டி மறுபடி இறுக்குவிப்பதாகவும் அவர் கூறினார். விரிவுரையாளர் எழுந்து கரித்துண்டினால் தரையிலேயே வரைந்து காட்டினார்: சுவர் செங்குத்தாக நின்றால் மண் தாழும்போது சுவரை விட்டு விலகும், சுவர் சற்றுச் சாய்வாக இருந்தால் தாழுகின்ற மண் அதன்மேல் அழுந்திக்கொள்ளும். என் துருசின் சுவர்கள் செங்குத்தானவை.

அப்போது சிங்கள நண்பர் ஒருவர் தம் கோவையைத் திறந்து ஒரு படத்தை எடுத்தார். அதே காட்சி: பழுதின்றி நிற்கும் துருசு, அதன் ஓரத்தில் அறுந்துபோன கட்டு. இன்னொரு மாவட்டத்து இளம் பொறியியலாளரும் தம்முடையதைக் காட்டினார். மூன்று மாவட்டங்களில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வகையான உடைப்பு. மூவரும் அதைத் தத்தம் தனிப்பட்ட இழிவாகக் கருதி மறைத்திருந்தோம். மறைத்தமையினால் மூவரும் ஒரே பாடத்தை மும்முறை விலைகொடுத்துப் படித்தோம். விலை கொடுத்தவர் நாமல்லர், கமக்காரர்.

கமக்காரர் அமைப்பின் செயலாளர் அதுவரை வாய்திறக்கவில்லை. அவர் கூறியது எங்களை இன்னும் நாணச் செய்தது. "உடையிறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னமே துருசடியிலை கலங்கல் தண்ணி வந்தது. நாங்கள் கண்டனாங்கள். ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?" தெளிந்த கசிவு எல்லா மண்கட்டுகளிலும் ஓரளவு உண்டு, அது கலங்கிவிட்டால், நீர் உள்ளிருந்து மண்ணை அரித்து வருகிறது என்பது பொருள். அந்நிலையில் அவ்விடத்தை அடைக்க முயலாது, முதலில் மணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல் எனப் பரப்பினால் நீர் வெளியேற, மண் தங்கிவிடும். குளத்து நீரைக் குறைக்க அவகாசமும் கிடைக்கும். இது நாங்கள் அனைவரும் பாடநூலில் படித்ததே. கலங்கலைக் கண்ணாற் கண்டவர்க்கு அதன் பொருளைச் சொல்லிக்கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை.

மாலையில் ஒரு தாளில் அடங்கும் குறிப்பொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம். துருசின் ஓரம் எவ்வாறு இறுக்கப்படவேண்டும், கம்பியால் எவ்வாறு சோதிப்பது, கலங்கல் கண்டால் முதலில் செய்யவேண்டியது என்ன என்பனவே அதில் இருந்தன. எவருடைய பெயரும் எக்குளத்தின் பெயரும் இல்லை. அன்றைய செலவு பதினான்கு மதியச் சாப்பாடும் தேநீரும் மட்டுமே. உடையாத குளக்கட்டு எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. ஆதலின் அத்தாளின் பயனை எண்ணிக்கையாற் காட்டுதல் இயலாது. ஆனால் அன்றிரவு வீடு திரும்பும்போது, இரண்டு ஆண்டுகளாக என் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியிருந்தது.

* * *

பதினான்கு என்பது மந்திர எண்ணன்று, எளிய கணக்கே. ஒருவர் தம் அனுபவத்தைக் கூறவும் பிறர் அதனைக் கேட்டு ஆராயவும் இருபது நிமிடமாவது வேண்டும். பதினால்வருக்கு 280 நிமிடம். உணவும் ஓய்வும் நீக்கினால் ஒரு நாளுக்கு அதுவே எல்லை. நானூறு பேருக்கோ 8,000 நிமிடம். உறங்காதிருந்தாலும் ஐந்தரை நாள். ஆகவே பெருங்கூட்டத்தில் சிலர் பேச, பலர் கேட்பது தவிர்க்க முடியாதது. கேட்போர் அங்கே சபையோராகிவிடுகின்றனர்; சபையோர் முன் பேசுவோர் தம்மை அலங்கரித்துக்கொள்கின்றனர். இது தனிமனிதர் குற்றமன்று, அமைப்பின் இயல்பு.

தொழில்சார் சங்கங்களின் பிறப்பை நோக்கினாலும் இவ்வுண்மை புலப்படும். பொறியியலாளர் சங்கங்களுள் மூத்ததெனப் போற்றப்படும் இலண்டன் குடிசார் பொறியியலாளர் நிறுவனம், 1818 ஆம் ஆண்டு சனவரி 2 ஆம் நாள், பிளீற் வீதியிலிருந்த கெண்டல் கோப்பிக்கடையில் இளம் பொறியியலாளர் சிலர் கூடியபோது தோன்றியது. தோமஸ் ரெல்போர்ட் அதன் முதற் தலைவரானது 1820 இல். அரச பட்டயம் கிடைத்தது 1828 இல். பட்டயமும் மாளிகையும் பின்னர் வந்தவை. முதலில் இருந்தது ஒரு மேசையும் அதனைச் சூழ்ந்த சிலரும்.

அதற்கும் முன்னர், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பேர்மிங்காம் நகரில் ஜேம்ஸ் வாட், மத்தியூ போல்டன், ஜோசையா வெட்ஜ்வுட், ஜோசப் பிறீஸ்ற்லி, எராஸ்மஸ் டார்வின் முதலியோர் மாதந்தோறும் கூடி உண்டு உரையாடினர். வீதி விளக்கில்லாத காலமாதலின் வீடு திரும்ப நிலவொளி வேண்டி முழுமதியை ஒட்டிய நாளிற் கூடினர். அதனால் அது மதிக் கழகம் எனப் பெயர்பெற்றது. உணவு மேசை கொள்ளுமளவே அவர்கள் தொகை. வேதியியலாளரும் இயந்திர வினைஞரும் மட்பாண்டத் தொழிலதிபரும் மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்ததே அதன் சிறப்பு. 1931 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் நீல் கோர்டன் தொடங்கிய ஆய்வுக் கூடல்களில், அங்கே பேசப்பட்டதை வெளியில் மேற்கோளாக எடுத்தாளலாகாது என்னும் விதி இன்றும் பேணப்படுகிறது. முடிவுறாத எண்ணத்தையும் கூசாது சொல்வதற்கு அவ்விதி இடமளிக்கிறது.

தமிழுலகும் இதற்கு விலக்கன்று. 1964 ஆம் ஆண்டு சனவரியில் புதுடில்லியில் அனைத்துலகக் கீழைத்தேயவியலாளர் மாநாடு பெருந்திரளாகக் கூடியது. அதன் ஓரத்தில் தமிழாய்வில் ஈடுபாடுடைய அறிஞர் சிலரைத் தனிநாயகம் அடிகளும் வ. ஐ. சுப்பிரமணியமும் ஒன்றுகூட்டினர். அச்சிறு கூட்டத்திலேயே அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாயிற்று. பேராதனையில் முன்னர் விரிவுரையாளராயிருந்த அடிகள் அதற்கு வித்திட்டார் என்பது நமக்குப் பெருமை தருவது. 1966 இல் கோலாலம்பூரிலும் 1968 இல் சென்னையிலும் நிகழ்ந்த மாபெரும் மாநாடுகளை நாம் அறிவோம். அவற்றின் கரு அந்தச் சிறு அறையில் இருந்தது.

* * *

இவ்வளவும் கூறிவிட்டு, இதன் மறுபக்கத்தை மறைப்பேனாயின் பதினொரு படம் காட்டிய பழைய குற்றத்தையே மீண்டும் செய்தவனாவேன்.

எங்கள் கூடல் நிகழ்ந்து சில வாரங்களின் பின், தொலைவான பிரிவொன்றிற் பணியாற்றிய அங்கத்தவர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. 'நானும் ஆண்டுச் சந்தா செலுத்துகிறேன். குளக்கட்டுகளைப் பற்றிய ஆலோசனைக்கு என்னை அழைக்காத காரணத்தை அறியத் தருவீர்களா?' என்று அதில் இருந்தது. விடையெழுத அமர்ந்தேன், எழுத இயலவில்லை. அவரை அழைக்காததற்கு ஒரே காரணம், அவரை நாங்கள் அறியாததுதான். அறிந்தவர்களையே அழைத்திருந்தோம். அறிந்தவர் யாரெனப் பார்த்தால் உடன்படித்தவர், உடன் வேலைசெய்தவர், ஓரிரு ஊரவர். தெரிவு என்னும் சொல்லின் கசப்பைத் தெரிவுசெய்யப்படாதவரே அறிவர். நம் நாட்டில் அக்கசப்பை அறியாத குடும்பம் அரிது. அப்படியிருந்தும் அதே சொல்லை எத்துணை எளிதாகக் கையாண்டுவிட்டேன்!

விடையெழுதுவதை விடுத்து அவரை நேரிற் சென்று கண்டேன். அவரது பிரிவிலும் துருசோரக் கசிவு இருந்தது. எங்களிடம் இல்லாத ஒன்றும் அவரிடம் இருந்தது: இரண்டு மழைக்காலங்கள் தாமே அளந்து எழுதிய கசிவுக் குறிப்பேடு. மூன்று மாவட்டங்களின் கதையை நான்காக்கியிருக்க வேண்டியவர், எம் அறியாமையால் வெளியே நின்றார்.

அதன் பின் ஒழுங்கை மாற்றினோம். பொருளை அங்கத்தவர் அனைவருக்கும் முன்கூட்டி அறிவித்தோம். தம் கையால் நேர்ந்த ஓர் அனுபவத்தைக் கொண்டுவருவோர் எவராயினும் இடம் கேட்கலாம். பதவியோ பட்டமோ தகுதியாகாது. கேட்போர் மிகுந்தால் பதினான்கைப் பெருக்காது கூடலை இரண்டாக்கினோம். ஒருமுறை வந்தோருள் நால்வர் மட்டுமே மறுமுறை வரலாம். பெயர் நீக்கிய குறிப்பு எல்லா அங்கத்தவருக்கும் சென்றது. அடுத்த கூடலைத் தொடக்கிவைத்தவர் அக்கடிதம் எழுதிய நண்பரே. சிறுகூடலுக்குக் கதவு இருக்கலாம். ஆனால் அதைத் தட்டும் வழி அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்றேல் சிறுமை அளவிலன்றிக் குணத்திலும் புகுந்துவிடும்.

பெரு மாநாடுகள் வேண்டா என நான் கூறவில்லை. கணக்கை ஒப்புவிப்பதற்கும், நிர்வாகிகளைத் தேர்வதற்கும், தொழிலின் குரல் அரசின் செவியில் விழுவதற்கும், புதிதாய் வந்த இளையோர் தம் தொழிலின் பரப்பைக் கண்டு மகிழ்வதற்கும் திரள் வேண்டும். ஆனால் கற்பதற்கு வட்டம் வேண்டும். சந்தா செலுத்தும் அங்கத்தவர் ஒருவர் ஆண்டில் ஒரு நாளாவது அத்தகைய வட்டத்தில் அமரும் வாய்ப்பைப் பெறாவிடின், அச்சங்கம் அவருக்கு ஒரு பற்றுச்சீட்டையும் குழுப் புகைப்படத்தில் அடையாளம் காணமுடியாத ஒரு முகத்தையும் மட்டுமே கொடுத்ததாகும்.

மண்டபம் நிரம்பாவிட்டால் தோல்விதானே என வினவிய மாணவ நண்பருக்கு இப்போது விடை கூறுகிறேன். வந்தவரை எண்ணுவதற்கு முன், வேறெங்கும் சொல்லப்படாத ஒன்று உங்கள் கூட்டத்தில் சொல்லப்பட்டதா எனக் கேளுங்கள். சொல்லப்பட்டிருந்தால் வெறுமையான நாற்காலிகளைப் பொருட்படுத்த வேண்டாம். அவற்றை ஒதுக்கிவிட்டு எஞ்சியவற்றை வட்டமாகப் போடுங்கள்.

அண்மையில் இளம் பொறியியலாளர் சிலருக்கு உரையாற்றுமாறு என்னை அழைத்தனர். அதே பன்னிரண்டு குளங்களைப் பற்றியே பேசினேன். உடைந்த குளத்தின் படத்தை முதலில் காட்டினேன். அதைப் பற்றியே நேரம் முழுவதும் சென்றுவிட்டது. மற்றைய பதினொன்றையும் காட்டுவதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.